லான் பவுல்ஸ் லீக்குக்கு விதி எழுதுவது எப்படி? செட்டிநாட்டு ஊர்களை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

செட்டிநாட்டுப் பக்கம் விளையாட்டுப் போட்டி என்றால் ஒரே இரவிலோ இரண்டு நாளிலோ முடிந்துவிடும் தொடர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கபடியோ கைப்பந்தோ, பொங்கலையோ ஊர்த் திருவிழாவையோ ஒட்டி அறிவிப்பார்கள். சுற்றுவட்டார அணிகள் வந்து சேரும். தோற்ற அணி அப்போதே ஊர் திரும்பும். மிஞ்சிய அணிக்குக் கோப்பை. லீக் இதிலிருந்து அடிப்படையிலேயே வேறான ஏற்பாடு. அதில் தோற்ற அணி வெளியேறுவதில்லை. ஒவ்வொரு கிளப்பும் மற்ற எல்லாக் கிளப்புகளோடும் சில மாத காலம் முறைவைத்து ஆடும். ஒவ்வொரு போட்டியிலும் கிடைக்கும் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். பருவத்தின் முடிவில் எவரிடம் அதிகப் புள்ளி சேர்ந்திருக்கிறதோ அவர்களே முதலிடம் பெறுவார்கள்.

ஒரே இரவில் முடியும் தொடரில் எழும் சிக்கலை, மைதானத்தில் நிற்கும் பெரியவர்கள் அங்கேயே பேசித் தீர்த்துவிடலாம். மூன்று மாதம் நடக்கும் லீக்கில் அது இயலாது. ஜனவரியில் ஒருவருக்குக் காட்டிய சலுகையை மார்ச்சில் இன்னொருவர் கேட்பார். அவருக்கு மறுத்தால் முதலில் காட்டியது பாரபட்சமாகிவிடும். ஆகவே லீக்குக்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும், அவை முதல் பந்து உருளுவதற்கு முன்பே எல்லாக் கிளப்புகளாலும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். புல்தரைக்குள் நடப்பதை ஆட்டத்தின் சட்டங்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. புல்தரைக்கு வெளியே நடப்பவற்றை, அதாவது யார் ஆடலாம், எப்போது ஆடுவது, எது எத்தனை புள்ளி, ஆள் வராவிட்டால் என்ன, மழை வந்தால் என்ன என்பவற்றைத் தீர்மானிப்பதே லீக் விதிகளின் வேலை.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

லான் பவுல்ஸ் பார்த்திராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டமாக வெட்டிய ஒரு புல்தரை. ஆடும் திசையில் அதன் நீளம் 31 முதல் 40 மீட்டர். அதைச் சுற்றி ஓர் ஆழமற்ற பள்ளம். இந்தத் தரையை ரிங்க் எனப்படும் பாதைகளாக நீளவாக்கில் பிரிப்பார்கள். திறந்தவெளித் தரையில் ஒரு ரிங்கின் அகலம் 4.3 முதல் 5.8 மீட்டர் வரை இருக்கும். ஆட்டத்தைத் தொடங்குபவர் தரையில் போட்ட, மேட் எனப்படும் சிறு விரிப்பின் மீது நின்று, ஜாக் எனப்படும் சிறிய பந்தை உருட்டிவிடுவார். மேட்டின் முன்விளிம்பிலிருந்து ஜாக் குறைந்தது 23 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். பிறகு இரு தரப்பினரும் மாறிமாறித் தங்கள் பெரிய பந்துகளை அந்த ஜாக்கை நோக்கி உருட்டுவார்கள். பெரிய பந்தின் எடை 1.59 கிலோவைத் தாண்டக்கூடாது. அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்று வேறாகச் செதுக்கப்பட்டிருப்பதால், வேகம் குறையக் குறைய அது நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளையும். அந்த வளைவைக் கணித்து உருட்டுவதில்தான் இந்த ஆட்டத்தின் திறமை எல்லாம் இருக்கிறது.

இரு தரப்புப் பந்துகளும் தீர்ந்ததும் எண்ட் எனப்படும் ஒரு சுற்று முடிகிறது. ஜாக்குக்கு மிக அருகில் எவருடைய பந்து நிற்கிறதோ அவருக்கு ஒரு ஷாட், அதாவது ஆட்டத்தின் ஸ்கோரில் ஒன்று. எதிராளியின் மிக அருகிலுள்ள பந்தைவிட நெருக்கமாக அவருக்கு மூன்று பந்துகள் இருந்தால் மூன்று ஷாட். மறுதரப்புக்கு அந்த எண்டில் எதுவும் கிடையாது. நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்துகள். முதலில் ஆடுபவர் லீட், கடைசியில் ஆடுபவர் ஸ்கிப். மறுமுனையில் நின்று, எந்தப் பந்து எங்கே வர வேண்டும் என்று அணிக்கு வழிகாட்டுபவரும் ஸ்கிப்தான்.

இந்தியாவில் இந்த ஆட்டம் 2022 ஆகஸ்டில் திடீரென வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி ஆகிய நால்வரும் இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று, இந்தியாவுக்கு இந்த விளையாட்டில் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார்கள். செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் போய்வரும் மலேசியாவிலோ இது அதற்கு முன்பே வலுவாக இருந்தது. அந்நாட்டின் சித்தி சலினா அகமது 2002, 2006 ஆகிய இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றவர்.

ஆட்டத்தின் சட்டங்களே கிளப்புகளுக்கு இடையேயான பிணக்கிலிருந்து பிறந்தவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்தில் ஊருக்கு ஊர் ஒரு முறையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊர்க் கிளப் இன்னோர் ஊருக்குப் போய் ஆடியபோதுதான் பொதுவான சட்டம் இல்லாதது பெருங்குறையாகத் தெரிந்தது. 1848இல் கிளப்புகளின் பிரதிநிதிகள் கிளாஸ்கோவில் கூடினார்கள். அடுத்த ஆண்டு டபிள்யூ. டபிள்யூ. மிட்செல் என்ற வழக்கறிஞர் சட்டங்களை வகுத்துக் கொடுத்தார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் சட்டங்களுக்கு அதுவே வேர். பின்னர் 1903இல் இங்கிலாந்தின் பவுல்ஸ் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்தவர், கிரிக்கெட் உலகம் நன்கறிந்த டபிள்யூ. ஜி. கிரேஸ்.

ஆகவே லீக் விதி எழுதுவோர் முதல் வரியிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஆட்டம் சர்வதேசச் சட்டங்களின்படி நடக்கும், இந்த விதிகள் அவற்றோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியவை. அந்த ஒரு வரி நூறு வரிகளை மிச்சப்படுத்தும். ஜாக் பள்ளத்தில் விழுந்தால் என்ன, பந்து அடுத்த ரிங்குக்குள் போய்விட்டால் என்ன, மேட்டில் கால் இல்லாமல் உருட்டினால் என்ன என்பவற்றையெல்லாம் நாம் புதிதாக எழுதப் புகுந்தால் பிழைதான் மிஞ்சும்.

எத்தனை கிளப்புகள், எந்த மாதங்கள்

விளக்கத்துக்காக ஆறு கிளப்புகளை மனத்தில் வைத்துக்கொள்வோம்: காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல். இவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்ட ஊர்கள். ஒவ்வொரு கிளப்பும் மற்ற ஐந்தோடும் இருமுறை, சொந்தத் தரையில் ஒருமுறையும் எதிரணியின் தரையில் ஒருமுறையும் ஆடினால், மொத்தம் 30 போட்டிகள் வரும். வாரத்துக்கு மூன்று போட்டி என்றால் பத்து வாரம். இனி இக்கட்டுரையில் இரு கிளப்புகள் சந்திப்பதைப் போட்டி என்றும், அதற்குள் ஒவ்வொரு ரிங்கிலும் நடப்பதை ஆட்டம் என்றும் சொல்கிறேன்.

அட்டவணை போடுவதற்குப் பழைய, எளிய வழி ஒன்று உண்டு. கிளப்புகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து முதல் வாரம் 1-6, 2-5, 3-4 என்று இணைக்க வேண்டும். அடுத்த வாரம் 1ஐ அசைக்காமல், கடைசியிலுள்ள 6ஐ இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்து மற்றவற்றை ஒவ்வோர் இடம் தள்ளினால் 1-5, 6-4, 2-3 என்று கிடைக்கும். இப்படியே ஐந்து வாரம் சுழற்றினால் எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை சந்தித்திருப்பார்கள். அடுத்த ஐந்து வாரம் அதே வரிசையை இடம் மாற்றி ஆடினால் போதும். கிளப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு வெற்று எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வாரம் அதோடு இணையும் கிளப்புக்கு ஓய்வு. எந்தக் கிளப்புக்கு எந்த எண் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது நல்லது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் செட்டிநாட்டுக்கே உரிய கவனம் தேவைப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் செம்மண் பூமியின் வெயில் நடுப்பகலில் எவரையும் தரையில் நிற்க விடாது. மிஞ்சும் காலத்தில் மிக நல்லது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் அந்த மூன்று மாதங்களுக்குள்தான் பொங்கல் வருகிறது, சிராவயல் மஞ்சுவிரட்டு வருகிறது, குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கும் தைப்பூச யாத்திரை வருகிறது, காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலின் மாசி பங்குனித் திருவிழாவும் வருகிறது. இவற்றோடு தை மாதத்து முகூர்த்த நாள்களும் பள்ளித் தேர்வுகளும் சேர்ந்தால் பத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஒழுங்காகப் பிடிப்பது எளிதல்ல. பருவத்தை இரண்டாகப் பிரித்து, முதல் ஐந்து வாரத்தை ஜனவரி-மார்ச்சிலும் மற்ற ஐந்தை ஜூலை-செப்டம்பரிலும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. ஒவ்வொரு பாதியிலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைக்க வேண்டும். தள்ளிப்போன போட்டிகளுக்கு அவை இடமாகும். விலக்க வேண்டிய திருவிழா நாள்களின் பட்டியல் விதிகளோடு இணைக்கப்பட்டிருந்தால், நடுப்பருவத்தில் எவரும் "எங்கள் ஊர்த் திருவிழா, தேதியை மாற்றுங்கள்" என்று கேட்க நேராது. தொடங்கும் நேரமும் எழுதப்பட வேண்டும், காலை 6.30 அல்லது மாலை 4 மணி என்பது இந்த மண்ணுக்கு ஒத்துவரும்.

ஆறு கிளப்புக்கும் ஆறு புல்தரை என்பது தொடக்கத்தில் எங்குமே அமைவதில்லை. ஒரே ஒரு தரை இருந்தாலும் லீக் நடத்தலாம். முழு அளவுத் தரை ஒன்றில் ஆறு ரிங்குகள் தாராளமாக அடங்கும். ஒரு போட்டிக்கு மூன்று ரிங்க் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு போட்டிகள் நடக்கும். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று அந்த வாரத்தின் மூன்று போட்டிகளும் ஒரே நாளில் முடிந்துவிடும். அப்போது சொந்தத் தரை என்பது பெயரளவில்தான் இருக்கும் என்றாலும், அந்தந்தப் போட்டிக்கு ஏற்பாட்டுப் பொறுப்பு எந்தக் கிளப்புடையது என்பதைக் காட்ட அந்தப் பெயர் தேவைப்படுகிறது. தண்ணீர் அருமையாகக் கிடைக்கும் ஊர்களில் புல்லை வளர்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: வெப்ப நாடுகளின் பவுல்ஸ் தரைகளில் வளர்ப்பது பெரும்பாலும் நம் அருகம்புல் இனத்தின் கலப்பு வகைகளைத்தான். செயற்கை விரிப்பில் ஆடுவதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கமே.

யார் எந்தக் கிளப்புக்கு ஆடலாம்

லீக் விதிகளில் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். செட்டிநாட்டில் இது மற்ற இடங்களைவிடச் சிக்கலானது. ஒருவருக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான், குடியிருப்பது காரைக்குடியில், தொழில் சென்னையிலோ கோலாலம்பூரிலோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பெரிய வீட்டுக்கு வருவார். பள்ளத்தூரில் பிறந்து தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்ட பெண்மணிக்கு இரண்டு ஊரும் சொந்தம்தான். இவர்கள் எந்தக் கிளப்புக்கு ஆடுவது?

மூன்று அளவுகோல்கள் சாத்தியம்: சொந்த ஊர், குடியிருக்கும் ஊர், கிளப்பின் உறுப்பினர் பதிவு. சொந்த ஊரை அளவுகோலாக வைத்தால் உணர்ச்சிக்கு நிறைவாக இருக்கும். ஆனால் தாத்தாவின் ஊரா, அப்பாவின் ஊரா, பிறந்த ஊரா என்று வாதம் முடிவே இல்லாமல் நீளும். அதோடு பிழைப்புக்காக அண்மையில் வந்து குடியேறியவர்களை அது வெளியே நிறுத்திவிடும். விளையாட்டில் அப்படிச் செய்வது நியாயமல்ல. குடியிருப்பை வைத்தால் அடையாள அட்டைகளைச் சரிபார்க்கும் வேலை செயலாளர் தலையில் விழும். உறுப்பினர் பதிவே தெளிவானது. பருவம் தொடங்குவதற்கு 30 நாள்களுக்கு முன் கிளப்பின் உறுப்பினராகி, லீக் செயலாளரிடம் ஒப்படைக்கும் பட்டியலில் பெயர் இருப்பவர் ஆடலாம். பெயர் இல்லாதவர் ஆடக்கூடாது. விதி இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும். இரண்டு கிளப்புகளில் ஒருவர் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் ஒரு பருவத்தில் லீக்குக்கு ஒரே கிளப்புக்குத்தான் ஆட வேண்டும், எந்தக் கிளப் என்பதை அவரே தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பற்றித் தனியாக ஒரு விதி தேவை. தங்கள் ஊருக்காக ஆட வேண்டும் என்ற அவர்களது விருப்பத்தை அடைக்கக்கூடாது. அதே சமயம், பருவம் முழுவதும் வெயிலில் நின்று ஆடிய உள்ளூர் ஆட்டக்காரரை ஓரமாக நிறுத்திவிட்டு, மலேசியாவில் பயிற்சி பெற்ற ஒருவரைக் கடைசி இரண்டு போட்டிகளுக்கு மட்டும் இறக்குவதையும் அனுமதிக்கக்கூடாது. இதற்குப் பல நாடுகளின் லீக்குகளில் கையாளப்படும் தீர்வு ஒன்று உண்டு: முக்கியமான இறுதிக்கட்டப் போட்டிகளில் ஆட வேண்டுமானால் அந்தப் பருவத்தில் குறைந்தபட்சம் இத்தனை போட்டிகளிலாவது ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பத்து வார லீக்குக்கு மூன்று போட்டி என்பது போதுமான அளவு. பொங்கலுக்கு வந்தவர் இரண்டு போட்டி மகிழ்ச்சியாக ஆடிவிட்டுப் போகலாம். முதலிடத்தைத் தீர்மானிக்கும் நாளில் ஆட அவர் இன்னும் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும்.

ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுவதா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். உடல்வலிமையைவிடக் கைநிதானத்தை நம்பும் ஆட்டம் என்பதால் கலந்து ஆடுவதில் தடையேதும் இல்லை. சிறிய ஊர்களில் தனித்தனி லீக் நடத்த ஆள் போதாது. ஆகவே ஒவ்வொரு நால்வர் அணியிலும் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுவதை நான் வலியுறுத்துவேன். எழுதாமல் விட்டால், வாய்ப்புத் தருவோம் என்ற நல்லெண்ணம் முதல் தோல்வியோடு மறைந்துவிடும்.

புள்ளிக் கணக்கு

இனிப் புள்ளிக்கு வருவோம். ஒரு போட்டியில் மூன்று ரிங்குகள், ஒவ்வொன்றிலும் நால்வர் ஆட்டம், 18 எண்ட்கள் என்று வைத்துக்கொண்டால் கிளப்புக்குப் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள். ஒரு ரிங்கை வென்றால் 2 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1. மூன்று ரிங்குகளின் ஷாட்களையும் கூட்டி, மொத்தத்தில் முந்திய கிளப்புக்குக் கூடுதல் புள்ளி தருவது பரவலான வழக்கம். இந்தக் கூடுதல் எவ்வளவு என்பதில்தான் லீக்கின் இயல்பே அடங்கியிருக்கிறது.

காரைக்குடியும் தேவகோட்டையும் ஆடுவதாகக் கொள்வோம். முதல் ரிங்கில் காரைக்குடி 21-14 என்று வெல்கிறது. இரண்டாவதில் தேவகோட்டை 17-13. மூன்றாவதிலும் தேவகோட்டை 16-15. ஷாட்களைக் கூட்டினால் காரைக்குடிக்கு 49, தேவகோட்டைக்கு 47. ரிங்க் வெற்றிக்கு மட்டுமே புள்ளி என்றால் தேவகோட்டை 4-2 என்று வெல்கிறது. மொத்த ஷாட்டுக்கு 2 புள்ளி கூடுதல் என்றால் 4-4, சமன். கூடுதல் 4 புள்ளி என்றால் காரைக்குடி 6-4 என்று வென்றுவிடுகிறது. உருண்ட பந்துகள் அவையேதான், அளந்த தூரமும் அதேதான். விதியில் உள்ள ஒரே ஓர் எண் மாறியதும் வென்றவரே மாறிவிடுகிறார். இதனால்தான் புள்ளிக் கணக்கைப் பருவத்தின் நடுவில் தொடவே கூடாது என்கிறேன்.

எது சிறந்தது என்று கேட்டால், கூடுதல் 4 புள்ளி என்பதையே பரிந்துரைப்பேன். காரணம், தோற்றுக்கொண்டிருக்கும் ரிங்கிலும் அப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் மதிப்பு இருக்கும். பத்து ஷாட் பின்தங்கிய அணி தளர்ந்து போகாமல் அதை ஏழாகக் குறைக்க முனையும்; பக்கத்து ரிங்கில் ஆடும் தோழர்களுக்கு அந்த மூன்று ஷாட் பயன்படும். பன்னிரண்டு பேரும் ஒரே கிளப்பாக ஆடுவது இந்த முறையில்தான் நிகழ்கிறது. மொத்த ஷாட்டும் சமமாக வந்தால் அந்த நான்கைப் பாதியாகப் பங்கிட வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பருவ முடிவில் இரண்டு கிளப்புகள் சமப் புள்ளியில் நின்றால், பருவம் முழுவதும் எடுத்த ஷாட்டிலிருந்து கொடுத்த ஷாட்டைக் கழித்து வரும் வித்தியாசத்தைப் பார்க்கலாம். அதுவும் சமமானால் அவ்விரு கிளப்புகளும் நேருக்கு நேர் ஆடிய போட்டிகளின் முடிவைப் பார்க்கலாம். எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையை எழுதுவது கட்டாயம்.

ஆள் குறைந்தால், போட்டி நின்றால்

நால்வரில் ஒருவர் வரவில்லை. ஆட்டத்தின் சட்டமே இதற்கு வழி சொல்கிறது: மூவரும் ஆடலாம், லீடும் இரண்டாமவரும் ஆளுக்கு மூன்று பந்துகள் உருட்டிக் குறையை நிரப்புவார்கள், ஆட்ட முடிவில் அந்த அணி எடுத்த ஷாட்களில் கால் பங்கு கழிக்கப்படும். 16 ஷாட் எடுத்திருந்தால் 12 என்றே எழுதப்படும். எத்தனை நிமிடம் காத்திருந்தபின் இது நடைமுறைக்கு வரும் என்பதை, நம் பேருந்து நேரங்களை மனத்தில் கொண்டு லீக் முடிவு செய்யலாம். எதிரணியிடமிருந்து ஆளை இரவல் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. தோற்றபின் அது கசப்பாக மாறும்.

ஒரு கிளப் முழுவதுமாக வராமலே போனால் எதிர்க்கிளப்புக்குப் பத்துப் புள்ளியும் தர வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஷாட் கணக்கில் என்ன எழுதுவது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. 30-0 என்று எழுதினால் எவரும் ஆடாத ஓர் ஆட்டம் பருவ முடிவின் வித்தியாசக் கணக்கைக் குலைத்துவிடும். 0-0 என்று எழுதினால் பலவீனமான அணியோடு ஆடி ஷாட் சேர்க்கும் வாய்ப்பை எதிர்க்கிளப் இழக்கும். அந்த எதிர்க்கிளப் மற்ற போட்டிகளில் பெற்ற வித்தியாசத்தின் சராசரியைப் பருவ முடிவில் அந்த இடத்தில் நிரப்புவது இரண்டுக்கும் நடுவான வழி. சொல்லாமல் இருமுறை வராத கிளப்பை அந்தப் பருவத்திலிருந்து நீக்கலாம். நீக்கினால் அதோடு ஆடிய எல்லாப் போட்டிகளின் முடிவுகளையும் சேர்த்தே நீக்க வேண்டும். இல்லையென்றால் அதோடு ஏற்கெனவே ஆடி வென்றவர்கள் மட்டும் பயனடைவார்கள்.

மழைக்கு ஓர் எல்லைக் கோடு போதும். 18 எண்டில் 12 எண்ட்களாவது மூன்று ரிங்குகளிலும் முடிந்திருந்தால் அப்போதுள்ள நிலையே முடிவு. அதற்கும் குறைவென்றால் ஒதுக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமையில் புதிதாக ஆட வேண்டும். தரை ஈரமாக இருக்கிறது, ஆட முடியாது என்று சொல்லும் உரிமை நடுவருக்கு. நடுவர் இல்லாத நாளில் இரு அணித்தலைவர்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். இடத்துக்குரிய கிளப் மட்டும் அதைத் தீர்மானிக்க விடக்கூடாது.

இடம் தரும் கிளப்பின் கடமைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம்: ரிங்குகளுக்கு நூல் கட்டி எண் இடுவது, மேட், ஜாக், சாக்பீஸ், அளவு நாடா, ஸ்கோர் பலகை, குடிநீர், முதலுதவிப் பெட்டி. ஆட்டக்காரர்கள் குதிகால் உயராத தட்டை அடிச் செருப்போ காலணியோ அணிய வேண்டும் என்பது தரையைக் காக்கும் விதி. அதில் தளர்வு கூடாது. உணவைப் பற்றி ஒரு விதி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் பகுதியில் இது அவசியம். விருந்தினருக்கு இலை போட்டுப் பரிமாறுவதில் ஓர் ஊரை இன்னோர் ஊர் மிஞ்ச நினைப்பது இயல்பு. முதல் வாரம் பணியாரமும் காபியும் தந்த இடத்தில் ஐந்தாம் வாரம் முழுச் சாப்பாடு ஆகிவிடும். சிறிய கிளப் அந்தச் செலவைத் தாங்காமல் அடுத்த ஆண்டு விலகிவிடும். காபி, ஒரு பலகாரம், அதற்கு மேல் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து எழுதிவைத்துவிட்டால் எவருக்கும் குறையில்லை. லீக்கின் பொதுச் செலவுக்கும் இதே கவனம் வேண்டும். ஊர்க் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளிவரி வைப்பதைப் போல, பதிவு செய்த ஆட்டக்காரரின் தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் பெரிய கிளப் அதிகமும் சிறிய கிளப் குறைவும் தரும். வரவு செலவைப் பருவ முடிவில் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

முடிவுச் சீட்டும் முறையீடும்

ஒவ்வொரு ரிங்கிலும் எண்ட் முடிய முடிய இரு அணிகளின் சீட்டிலும் ஸ்கோர் ஏற வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரு ஸ்கிப்களும் சீட்டுகளை ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார்கள். அணித்தலைவர்கள் மூன்று சீட்டுகளையும் சேர்த்துப் போட்டியின் முடிவுச் சீட்டை எழுதிக் கையெழுத்திடுவார்கள். கையெழுத்திட்டபின் ஸ்கோர் மாறாது. கூட்டல் பிழை தெரிந்தாலும் மாறாதா என்று கேட்கலாம். கூட்டல் பிழையை மட்டும் செயலாளர் திருத்தலாம், எண்ட் ஸ்கோரைத் திருத்த முடியாது என்று எழுதுவது தகும். சீட்டின் படம் அன்று இரவுக்குள் லீக்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு வர வேண்டும், மூலச் சீட்டு ஒரு வாரத்துக்குள் செயலாளர் கைக்கு வர வேண்டும். அனுப்பும் பொறுப்பு வென்றவருக்கா, இடம் தந்தவருக்கா என்பதையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் இருவருமே மற்றவர் அனுப்புவார் என்று இருந்துவிடுவார்கள்.

முறையீடுகள் இரண்டு வகை. எந்தப் பந்து அருகில் இருக்கிறது, கால் மேட்டில் இருந்ததா என்பவை கண்ணால் கண்டும் அளந்தும் முடிவாகும் செய்திகள். அவற்றில் நடுவர் சொல்வதே முடிவு, அதன் மேல் முறையீடு கிடையாது. பதிவில்லாதவர் ஆடினாரா, போட்டியை நிறுத்தியது விதிப்படி சரியா என்பவை லீக் குழுவுக்குப் போகலாம். அதற்கு மூன்று கட்டுப்பாடுகள் போதும். ஆட்சேபம் அன்றே எதிரணித்தலைவரிடம் சொல்லப்பட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் செயலாளரிடம் சேர வேண்டும். சம்பந்தப்பட்ட இரு கிளப்புகளின் பிரதிநிதிகள் அந்த வழக்கில் குழுவில் அமரக்கூடாது. ஆறு கிளப் லீக்கில் மீதி நால்வர் இருப்பார்கள். இருவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்றுவிட்டால்? எந்தக் கிளப்பையும் சாராத தலைவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து, அவருக்கு முடிவு வாக்கு கொடுத்திருக்க வேண்டும். எல்லா ஊரும் மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவரோ இதற்குப் பொருத்தமானவர்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் விதியில் இடம்பெறாத ஏதோ ஒன்று நடந்தே தீரும். அதற்காகக் கடைசியில் ஒரு விதி வேண்டும்: இங்கே சொல்லப்படாத நிலை எழுந்தால், லீக் குழு அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும் முடிவு சொல்லும், அந்த முடிவும் அதற்கான காரணமும் ஏட்டில் பதியப்படும், அதே பருவத்தில் அதே நிலை மீண்டும் எழுந்தால் அதே முடிவு பொருந்தும், பருவம் முடிந்தபின் கூடும் ஆண்டுக் கூட்டத்தில், கிளப்புக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால் அது விதிநூலில் ஒரு வரியாகச் சேரும்.